ட்ரோன் மேல் இன்னொரு கேமரா: எதை ஏற்றலாம், எதை விட்டுவிடலாம்?

ட்ரோனிலேயே கிம்பலோடு (கேமராவை ஆடாமல் பிடிக்கும் மோட்டார் தாங்கி) ஒரு நல்ல கேமரா இருக்கிறது. அப்புறம் எதற்கு இன்னொன்று? படம் இன்னும் தெளிவாக வரட்டும் என்பதற்காக என்றால் வேண்டவே வேண்டாம். ட்ரோன் உடம்பில் ஒட்டிவைத்த எந்த ஆக்‌ஷன் கேமராவும் (உடம்பிலோ வண்டியிலோ மாட்டும் சிறிய கேமரா) கிம்பல் அளவுக்கு ஆடாமல் படம் தராது. நேர் மேலே, பின்பக்கம், சுற்றிலும் என்று கிம்பல் எட்டாத கோணம் வேண்டுமா? அப்போது தாராளமாக யோசிக்கலாம். நம் முன் இருப்பவை மூன்று: முழு அளவு ஆக்‌ஷன் கேமரா, கட்டைவிரல் அளவு கேமரா, 360 டிகிரி கேமரா.

முதலில் எடையைப் பார்ப்போம். டிஜேஐ மினி 3 ப்ரோ என்ற சின்ன ட்ரோன் 249 கிராம். முழு அளவு கேமராவான கோப்ரோ ஹீரோ 12 பேட்டரியோடு 154 கிராம். தன் எடையில் பாதிக்கும் மேல் சுமக்கச் சொல்கிறோம். எழும்பிவிடலாம், ஆனால் மிதப்பதற்கே மோட்டார்கள் திணறும். பலமாக ஒரு காற்று அடித்தால் எதிர்த்து நிற்க சக்தி மிச்சம் இருக்காது. பேட்டரியும் மளமளவென்று இறங்கும்.

595 கிராம் எடையுள்ள ஏர் 2எஸ் போன்ற ட்ரோன்கள் இதைவிடத் தாங்கும். ஆனால் எங்கே பொருத்துவது? வயிற்றுப் பக்கம் வைத்தால் கீழ்நோக்கும் சென்சார்கள் மறையும். தரை எவ்வளவு தூரம் என்று ட்ரோனுக்குக் குழப்பம். முதுகில் வைத்தால் பல மாடல்களில் ஜிபிஎஸ் சிக்னல் பலவீனமாகும். ஒரு ஓரமாக வைத்தால் அந்தப் பக்க மோட்டார்களுக்கு மட்டும் கூடுதல் வேலை.

இதையெல்லாம் சமாளித்தாலும் சாய்வு என்று ஒன்று இருக்கிறது. வேகமாக முன்னே போக ட்ரோன் 20, 30 டிகிரி குனியும். கிம்பல் அதை ஈடுகட்டும். ஒட்டிவைத்த கேமராவோ கூடவே குனியும். படத்தின் மேல் விளிம்பில் இறக்கைகள் சுழலும், மீதியெல்லாம் தரை. கேமராவின் ஹொரைசன் லாக் (அடிவானத்தை நேராக வைக்கும் வசதி) இடது வலது சாய்வைத்தான் சரிசெய்யும், இந்தக் குனிவை அல்ல. அதிர்வில் படம் ஜெல்லி மாதிரி நெளிவது தனிக் கதை. சாதாரண ட்ரோனுக்கு முழு அளவு கேமரா வேண்டாம் என்பதே என் முடிவு. அதைச் சுமக்கவே கட்டப்பட்ட எஃப்பிவி ட்ரோன்கள் (ட்ரோன் காணும் காட்சியை நேரலையில் பார்த்தபடி ஓட்டுபவை) இருக்கின்றன, அங்கே அது அருமையாக வேலை செய்யும்.

கட்டைவிரல் ரகத்தில் இன்ஸ்டா360 கோ 3 வெறும் 35 கிராம். இந்தச் சுமை மினிக்கே பெரிய பாரமில்லை. மேல்நோக்கிவைத்து மரக்கிளைகளுக்கு அடியில் மெதுவாகப் போனால், கிம்பலால் எடுக்கவே முடியாத படம் கிடைக்கும். சாய்வும் அங்கே பெரிதாகத் தெரியாது. கவனிக்க வேண்டியது காந்தம். அந்தக் கேமராவின் வசதியே காந்தப் பிடிப்புதான். ட்ரோனின் திசைகாட்டிக்கு அதுவே பகை. திசைகாட்டியிலிருந்து தள்ளிப் பொருத்தி, எச்சரிக்கை வருகிறதா என்று பார்த்த பிறகே கிளப்புங்கள். 249 உடன் 35 சேர்ந்தால் 284 கிராம். பல நாடுகளில் விதிகள் மாறும் 250 கிராம் கோட்டைத் தாண்டிவிடுகிறோம், அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

360 கேமராவில் இன்ஸ்டா360 ஸ்பியர் நல்ல யோசனை. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். இரண்டின் படங்களையும் மென்பொருளில் ஒன்றாகத் தைக்கும்போது ட்ரோன் படத்திலிருந்தே காணாமல் போகும். கோணத்தைப் பிறகு உட்கார்ந்து தேர்ந்தெடுக்கலாம் என்பதால் குனிவும் பிரச்சினையில்லை. ஆனால் மேவிக் ஏர் 2, ஏர் 2எஸ் ஆகியவற்றின் வடிவத்துக்காகவே செய்தது அது. தெளிவுத்திறன் 5.7கே என்றாலும் அது முழுக் கோளத்துக்கான கணக்கு. வெட்டியெடுக்கும் சிறு பகுதியில் கூர்மை குறையும். கீழ் லென்ஸ் தரைக்கு மிக அருகில் இருப்பதால் சரளைக்கல் இருக்கும் இடத்தில் இறக்காதீர்கள்.

பொருந்தும் ட்ரோன் இருந்தால் நான் 360ஐ எடுப்பேன். இல்லையென்றால் கட்டைவிரல் கேமராதான்.

எதை ஏற்றினாலும் பதிவைத் தொடங்கியதும் கேமராவின் வைஃபையை அணைத்துவிடுங்கள். ரிமோட் சிக்னலோடு மோதக்கூடும். மவுண்ட் பிடி விட்டாலும் விழாதபடி, இறக்கையை எட்டாத நீளத்தில் ஒரு கயிறு கட்டுங்கள். ஆள் இல்லாத இடத்தில், தாழ்வாக, ஒரு நிமிடம் மிதக்கவிட்டு இறக்குங்கள். இறக்கைகள் நின்றதும் மோட்டார்களைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் கேமராவைக் கழற்றிவிடுங்கள்.