பாலிஅமீனை அடைக்கும் மருந்து: கட்டியைக் கரைக்கவா, காவலுக்கு வைக்கவா?

புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின். செல்லுக்குள் உருவாகும் இந்தச் சிறு மூலக்கூறுகளுக்குப் பாலிஅமீன்கள் என்று பெயர். இவை இல்லாமல் நம் உடலின் எந்தச் செல்லும் பெருகாது, புற்றுச் செல்லோ இவற்றை அள்ளி அள்ளித் தயாரிக்கும். அந்தத் தயாரிப்பின் வாசலில் நிற்கும் ஓ.டி.சி. என்ற நொதியை ஒரேயடியாக முடக்குவதுதான் எஃப்லார்னிதின். ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு 1990இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அதே மருந்து.

இதை மட்டும் கொடுத்து வளர்ந்த கட்டியை அடக்கப் பார்த்தார்கள், பெரிதாக எடுபடவில்லை. இது செல்லைக் கொல்வதில்லை, வளர்ச்சியைத்தான் நிறுத்துகிறது. அதோடு உள்ளே தயாரிப்பு நின்றதும் செல், உணவிலிருந்தும் குடல் பாக்டீரியாவிடமிருந்தும் வரும் பாலிஅமீனை இழுத்துக்கொள்ளும். வீட்டுக் குழாய் நின்றால் தெருக் குழாயில் குடம் வைக்கிறோமே, அதே கதைதான். தெருக் குழாயையும் சேர்த்து அடைக்க ஏ.எம்.எக்ஸ்.டி. 1501 என்ற மருந்தை இதனுடன் கொடுத்துப் பார்க்கிறார்கள். யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அது இன்னும் சோதனையில்தான் இருக்கிறது.

சரி, தடுப்புக்கு? 2008இல் வெளிவந்த ஆய்வில், பெருங்குடல் பாலிப் (பின்னால் புற்றாக மாறக்கூடிய சிறு முளை) எடுத்த 375 பேரில் ஒரு பாதிக்குக் குறைந்த அளவு எஃப்லார்னிதினும் சுலிண்டாக் என்ற இன்னொரு மருந்தும் 3 ஆண்டு கொடுத்தார்கள். சுலிண்டாக், செல்லுக்குள் இருக்கும் பாலிஅமீனை வெளியே தள்ள உதவும். பாலிப் திரும்பியது வெற்று மாத்திரைக் குழுவில் 41%, மருந்துக் குழுவில் 12%. நான் அசந்துபோன எண் இது. ஆனால் பரம்பரையாகக் குடலெங்கும் பாலிப் முளைக்கும் 171 பேரிடம் 2020இல் பார்த்தபோது, கூட்டு மருந்தில் 32%, தனித்தனியாகக் கொடுத்ததில் 38%, 40% பேருக்கு நோய் முற்றியிருந்தது. உறுதியாகச் சொல்லுமளவுக்கு வித்தியாசம் இல்லை.

என் பார்வையில் இப்போதைக்கு முன்னால் நிற்பது, சிகிச்சை முடிந்தபின் வைக்கும் காவல்தான். கடுமையான நியூரோபிளாஸ்டோமா (குழந்தைகளுக்கு வரும் ஒரு நரம்புப் புற்று) வந்து, சிகிச்சையில் தேறிய குழந்தைகளுக்கு எஃப்லார்னிதினை 2023 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது. தினம் இரண்டு வேளை, 2 ஆண்டு. விழுங்கத் தெரியாத குழந்தைக்குப் பொடித்துக் கலந்து கொடுக்கலாம். 4 ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 96%, ஒப்பிட்ட குழுவில் 84%. அந்த ஒப்பீட்டுக் குழு சீட்டுப் போட்டுப் பிரித்ததல்ல, பழைய ஆய்விலிருந்து எடுத்தது என்பதையும் மறக்கக் கூடாது.

அப்புறம் காது. இந்த மருந்து கேட்கும் திறனைக் குறைக்கலாம், தொடங்குமுன்பே செவிச் சோதனை வேண்டும். மறுபடி புற்று வந்துவிடுமோ என்று பயந்து வாழும் குடும்பம் அந்த விலையைக் கொடுக்கலாம், நானும் கொடுப்பேன். பாலிப் எடுத்துவிட்டு நன்றாக இருக்கும் ஐம்பது வயதுக்காரரிடம் இதை நான் சொல்ல மாட்டேன். அவருக்கு ஒழுங்காகச் செய்யும் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) போதும்.