ஹங்கேரியின் பாபாவாரோ கடன்: கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

பாபாவாரோ என்றால் 'குழந்தையை எதிர்பார்க்கும்' என்று பொருள். பிள்ளை பெறுவதை ஊக்குவிக்க, அரசு ஆதரவுடன் 2019 ஜூலை 1 முதல் ஹங்கேரி வங்கிகள் தரும் இந்தக் கடன் கல்யாணமான தம்பதிக்கு மட்டும்தான். சேர்ந்து வாழ்ந்தால் போதாது, பதிவுச் சான்று வேண்டும். இருவரில் ஒருவருக்காவது அது முதல் திருமணமாக இருக்க வேண்டும், ஒருவருக்காவது மூன்று வருட சமூகக் காப்பீட்டுப் பதிவும் வேண்டும். தொடக்கத்தில் உச்சத் தொகை 1 கோடி ஃபோரிண்ட் (ஹங்கேரி நாணயம்), 2024 முதல் 1.1 கோடி. மனைவியின் வயது வரம்பு முதலில் 40 ஆக இருந்து பின்னர் மாறியது. விண்ணப்பிக்கும் வாரத்தில் வங்கியிலேயே கேட்டுவிடுங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1 கோடியை 20 வருடத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 41,700 அசல். அரசு உத்தரவாதக் கட்டணம் வருடத்துக்கு 0.5%, முதல் வருடம் மாதம் 4,000 சொச்சம். தொடக்கத்தில் வட்டியை அரசே ஏற்கும்; ஐந்து வருடத்துக்குள் முதல் குழந்தை பிறந்தால் கடைசிவரை வட்டி கிடையாது, தவணையும் மூன்று வருடம் நிற்கும். இரண்டாவது பிறந்தால் இன்னும் மூன்று வருடம் நிற்கும், நிலுவையில் 30% தள்ளுபடி. மூன்றாவது பிறந்தால் மிச்சம் முழுவதும் ரத்து.

இதில் பலர் கவனிக்காதது 'நிலுவையில்' என்ற சொல். இரண்டு வருடம் கட்டி 90 லட்சம் பாக்கி இருக்கும்போது இரண்டாவது பிறந்தால் 27 லட்சம் குறையும். பாதி கட்டி முடித்தபின் பிறந்தால் 15 லட்சம்தான். சீக்கிரம் பெறுபவருக்கே ஆதாயம் என்று திட்டமே அமைந்திருக்கிறது.

அடி விழும் இடம் ஐந்தாம் வருடக் கெடு. குழந்தை இல்லையென்றாலோ, அதற்கு முன் விவாகரத்து ஆனாலோ, அதுவரை அரசு ஏற்ற வட்டியை 120 நாளில் ஒரே தொகையாகத் திருப்பிக் கட்ட வேண்டும். அதன்பின் கடனுக்கு வட்டியும் ஏறும். அந்த வட்டி அரசுக் கடன் பத்திரங்களின் வட்டி விகிதத்தை ஒட்டியது. பிள்ளைக்காக ஏங்கும் வீட்டில் இது இரட்டை வேதனை. இந்த விதி கொடுமையானது என்றே சொல்வோம்.

பலன் என்ன? சோசலிச காலத்தில் அங்கே பெண்கள் 21, 22 வயதில் மணந்தார்கள். இப்போது 30 ஆகிறது. 2018-ல் சுமார் 51 ஆயிரமாக இருந்த திருமணங்கள், கடன் வந்த 2019-ல் 65 ஆயிரம், 2021-ல் 72 ஆயிரம். பதிவு அலுவலகம் நிறைந்தது, தொட்டில் அந்த அளவுக்கு நிறையவில்லை. ஒரு பெண்ணுக்கான பிள்ளை விகிதம் 2011-ல் 1.23, 2021-ல் ஏறக்குறைய 1.6, 2024-ல் மறுபடி 1.4-ஐ ஒட்டி. எப்படியும் நடக்கவிருந்த கல்யாணங்களைக் கடன் முன்னால் இழுத்தது என்பதே எங்கள் கணிப்பு. காப்பீட்டுப் பதிவில்லாத கூலி வேலைக்காரர்கள், ஏழை ரோமா (அங்குள்ள சிறுபான்மை இனம்) குடும்பங்கள் பலருக்கு இந்தக் கதவு திறக்கவே இல்லை.

நிலையான சம்பளமும் இரண்டு பிள்ளை எண்ணமும் முன்பே இருப்பவர்கள் வாங்கலாம். ஒரே பிள்ளைதான் பிறக்கும் என்று வைத்துத் தவணையைக் கணக்கிடுங்கள். கெடு அபராதத்துக்கு ஒரு தொகையை, பிள்ளை பிறக்கும்வரை தொடாமல் தனியே வையுங்கள்.