போன் கணக்கு பார்த்து போர்டு வைத்தோம்

வேலூர் காந்தி ரோடு பக்கம் வாக்கர், வீல்சேர், இடுப்பு பெல்ட் விற்கும் கடை எங்களுடையது. ஹோர்டிங் எங்கே வைக்கலாம் என்று செல்போன் லொகேஷனை வைத்துச் சொல்லும் ஒரு விளம்பர கம்பெனியிடம் பணம் கட்டி இரண்டு மாதம் ஆகிறது.

நாம் லொகேஷன் அனுமதி கொடுத்த ஆப்கள் வழியாகத்தான் இந்தத் தகவல் போகிறது. பெயர், நம்பர் எதுவும் எங்களுக்குக் காட்டவில்லை. எந்த இடம், எந்த நேரம், எத்தனை போன் என்ற மொத்தக் கணக்குதான். அதை உறுதி செய்துகொண்டுதான் ஒப்புக்கொண்டேன். வருகிறவர்கள் நோயாளிகள், தனி ஆள் தெரியவே கூடாது.

முதல் ரிப்போர்ட் உதவவில்லை. ஹைவே சந்திப்பான கிரீன் சர்க்கிளுக்கு முதலிடம் கொடுத்திருந்தார்கள். பெங்களூரு ஹைவேயில் நிற்காமல் ஓடும் வண்டிகளில் இருந்த போன்களும் அதில் சேர்ந்திருந்தன. அதைவிடப் பெரிய தப்பு, ராத்திரி போன் எங்கே தங்குகிறதோ அதையே வீடு என்று எடுத்துக்கொண்டது. லாட்ஜில் மூன்று வாரம் தங்கி சிஎம்சி ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் கொல்கத்தாக்காரரும் வேலூர்க்காரராகிவிட்டார். அதனால் தமிழில் மட்டும் எழுதினால் போதும் என்று சொன்னார்கள். எங்கள் தெருவில் மெஸ் போர்டிலேயே வங்காள எழுத்து உண்டு.

உட்கார்ந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டு, வேகமாக நகரும் போன்களை நீக்கினார்கள். ஊருக்குப் புதிதாக வந்த போன்களைத் தனியாகப் பிரித்தார்கள். இரண்டாவது ரிப்போர்ட்டில் காட்பாடி ஜங்ஷன் வந்தது, அது எனக்கே தெரியும். ஆனால் சாயங்காலம் நாலரைக்கு மேல் கோட்டைப் பூங்கா என்று வந்ததை நான் நினைத்தே பார்த்ததில்லை. நேரில் போய்ப் பார்த்தேன். அகழியைப் பார்த்தபடி ஒரு அம்மா, மடியில் பிளாஸ்டிக் கவரில் ஆஸ்பத்திரி ஃபைல். பக்கத்தில் கட்டுப்போட்ட காலை நீட்டியபடி அவர் மகன். பதினான்கு வருஷமாகக் கடை நடத்துகிறேன், ஓ.பி. முடிந்து இவர்கள் எங்கே போகிறார்கள் என்று ஒருநாளும் யோசிக்கவில்லையே என்று மனசு கஷ்டப்பட்டது.

கோட்டை தொல்லியல் துறையுடையது, உள்ளே போர்டு வைக்க முடியாது. எதிர்ப்பக்க ரோட்டில் தனியார் கட்டிடத்தின் மேல் 20-க்கு 10 அடி போர்டு எடுத்து வங்காளம், இந்தி, தமிழ் மூன்றிலும் எழுதினோம். "கோட்டை எதிரே பார்த்தோம்" என்று சொல்லிக்கொண்டு இப்போது தினமும் நாலைந்து பேராவது வருகிறார்கள்.

அணைக்கட்டு, குடியாத்தம் பக்கமிருந்து பட்டன் போனோடு வரும் பெரியவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். அவர்களுக்காக டவுன் பஸ் பின்னால் விளம்பரத்தை அப்படியே வைத்திருக்கிறேன். பணம் கட்டுமுன், ஓடும் வண்டியையும் லாட்ஜில் தங்குபவரையும் எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேளுங்கள். அடுத்த மாதம் காட்பாடிக்கும் இந்த கம்பெனியிடமே போர்டு எடுக்கப் போகிறேன்.