அடிக்கு ஒரு நூல் வாட்டம்

போன நவம்பர் கடைசியில் அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தேன். சிங்கப்பூரில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, எனக்கு 26 நாள் லீவு. "இந்தத் தடவை பாத்ரூம் வேலையை முடிச்சிட்டுத்தான் பிளேன் ஏறுவேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஏறும்போது மாடி பாத்ரூமுக்குக் கதவு மாட்டியிருக்கவில்லை. மற்றபடி முடிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

வீடு அப்பா 1989இல் கட்டியது. கீழே அம்மாவுக்கு ஒரு குளியலறை, மாடியில் நாங்கள் வந்தால் புழங்க ஒன்று. கீழே உள்ளதில் மூலையில் எப்போதும் தண்ணீர் தேங்கும். குளித்து முடித்ததும் அம்மா விளக்குமாற்றால் அதைத் தள்ளிவிடுவார். 76 வயதில் ஈரத்தரையில் நின்று தண்ணீர் தள்ளுவதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் செய்த முதல் தப்பு, வந்து இறங்கிய முதல் நான்கு நாட்களை மதுரைக் கடைகளில் கழித்தது. டைல்ஸ், ஷவர், கழிப்பறைக் கோப்பை, கண்ணாடி என்று சுற்றிக்கொண்டிருந்தோம். அதற்குள் மேஸ்திரி கீழ்த் தரையை உடைத்து, தரைத் தண்ணீர் வடிந்து இறங்கும் நானி ட்ராப்பை வைத்து, மேலே கான்கிரீட்டும் போட்டுவிட்டார். வேகமான ஆள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். அது ட்ராப் பக்கமே திரும்பாமல் நேராக வாசற்படியைத் தாண்டிச் சாமி அறைப் பக்கம் நடந்தது.

"வாட்டம் பாத்தீங்களா மேஸ்திரி?" என்றேன். தண்ணீர் ஓடுவதற்குத் தரையில் வைக்கும் சரிவுதான் வாட்டம்.

"கண்ணாலயே தெரியும்க்கா. டைல்ஸ் ஒட்டும்போது சரி பண்ணிக்கலாம்."

இந்த வாக்கியத்தை மட்டும் நம்பாதீர்கள். டைல்ஸுக்கு அடியில் போடும் கலவையில் திருத்த முடிவது கொஞ்சம்தான். ஒரு பக்கம் கலவையை ஏற்றினால் கதவு உரசும், அல்லது வெளித்தரையை விடக் குளியலறைத் தரை உயர்ந்துவிடும். தரைக் கான்கிரீட்டிலேயே வாட்டம் வந்துவிட வேண்டும். கொத்தனார் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். அடிக்கு ஒரு நூலாவது இறக்கம் வேண்டும், ஷவருக்குக் கீழே ஒன்றரை நூல் இருந்தால் நல்லது. எங்கள் குளியலறை ஆறடி நீளம், ஆக ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு முக்கால் அங்குலம். அவ்வளவுதான் விஷயம். அந்த முக்கால் அங்குலம் இல்லாமல்தான் முப்பது வருடத்துக்கு மேல் அம்மா விளக்குமாறு பிடித்திருக்கிறார்.

உடைத்துத் திரும்பப் போட்டோம். இரண்டு நாள் கூலியும் சிமென்டும் என் கணக்கில். கொத்தனாருக்கு நாளுக்கு 1,100, சித்தாளுக்கு 700.

என்னிடம் யாரும் நேராகப் பேசவில்லை என்பதையும் சொல்லவேண்டும். "ஆம்பளையாளுக யாரும் இல்லையாக்கா?" என்று பிளம்பர் தம்பி முதல் நாளே கேட்டார். பணம் கொடுப்பது நான், பதில் சொல்வதோ அக்கா வீட்டு அத்தானிடம். அவர் பேங்கில் வேலை பார்க்கிறவர், வாட்டம் என்றால் யாருக்கோ மனசு சரியில்லை போல என்று நினைக்கிற மனிதர். என் மகனின் கோலிக்குண்டை வாங்கி, ஒட்டின டைல்ஸ் மேல் வைத்து உருட்டிக் காட்டிய நாளிலிருந்துதான் பேச்சு என் பக்கம் திரும்பியது. முதலில் சிரித்த மேஸ்திரி, மாடி வேலையின்போது தானே மகனிடம் கோலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

டைல்ஸ் பற்றி ஒரு வார்த்தை. சுவருக்கு எவ்வளவு பெரியது வேண்டுமானாலும் வாங்குங்கள். தரைக்கு ஒரு அடிக்கு ஒரு அடி, சொரசொரப்பானது போதும். இரண்டடிப் பலகையை நாலு பக்கமிருந்தும் ட்ராப்பை நோக்கிச் சாய்க்க முடியாது, வெட்டித்தான் ஒட்டவேண்டும்.

சிங்கப்பூரில் புது வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி வீடு, வாங்கினால் முதல் மூன்று வருடம் குளியலறை டைல்ஸை உடைக்கவே விடமாட்டார்கள். அதன் பிறகும் அனுமதி வேண்டும். ஊரில் காலை ஒன்பது மணிக்குச் சுத்தியலை எடுத்தால் கேட்பாரில்லை. சௌகரியம்தான், ஆனால் சோதித்துப் பார்க்கிற ஆளும் கிடையாது. அதனால் தண்ணீர் கட்டும் சோதனையை நீங்களே கேட்டு வாங்கவேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலைகளில் சாய்வாகச் சிமென்ட் பூசி, அதாவது வாட்டா கட்டி, வாட்டர் ப்ரூஃப் பூச்சை இரண்டு கை அடித்து, காய்ந்த பிறகு ட்ராப்பை அடைத்து இரண்டங்குலம் தண்ணீர் நிறுத்தி இரண்டு நாள் விடவேண்டும். மாடிக் குளியலறைக்கு நிறுத்தினோம். முப்பது மணி நேரத்தில் கீழே கூடத்துச் சீலிங்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். பழைய ட்ராப் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம்தான் ஓட்டை. டைல்ஸ் ஒட்டிய பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் நல்ல மழை. ராத்திரி கீழே கோப்பை களக் களக் என்று சத்தம் போட்டுத் தண்ணீர் மேலேறியது. காலையில் பின்பக்கம் தோண்டிப் பார்த்தால், மொட்டைமாடியின் மழைக்குழாய் நேராகச் செப்டிக் டேங்குக்குப் போகும் தொட்டியில் சேர்ந்திருந்தது. ஒரு மழைக்கு அத்தனை தண்ணீரும் டேங்குக்குள் போனால் கசடு எங்கே படியும்? கலங்கி வெளியே தள்ளும், இல்லாவிட்டால் வீட்டுக்குள் திரும்பும். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அப்பா ஒரு குழி வெட்டி, ஜல்லி நிரப்பி மூடியெல்லாம் போட்டார். குழாயை மட்டும் அதற்குத் திருப்பவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அந்தக் குழி வெறுமனே அழகுக்கு இருந்திருக்கிறது. அரைநாள் வேலையில் திருப்பிவிட்டோம். குளிக்கிற தண்ணீரையும் செப்டிக் டேங்கிலிருந்து பிரித்து வாழைக்கு விட்டாயிற்று.

டேங்கைச் சுத்தம் செய்யவேண்டும் என்றதும் ஒருவர் வந்து, "ஆள் எறங்கிச் சுத்தமா எடுத்துருவாப்லக்கா, லாரியவிடக் கொறச்சல்தான்" என்றார். 2013ஆம் வருடச் சட்டப்படி அது குற்றம். விஷவாயுவில் ஆட்கள் செத்துப்போகிற செய்தி இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது. லாரிக்குச் சொல்லிவிட்டேன்.

இனி ஷவர். என் அசட்டுத்தனத்தின் உச்சம் இதுதான். மாடிக்கு ஒரு முழம் அகலத்தில் ரெயின் ஷவர் வாங்கியிருந்தேன், 14,500 ரூபாய். திறந்தால் மழை வரவில்லை. ஓட்டு வீட்டு ஒழுக்கு மாதிரி நடுவில் நாலு நூலிழையாகத் தண்ணீர் வழிந்தது. பிளம்பர் தம்பி தலையைச் சொறிந்தார். கணக்குப் போட்டிருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும். மொட்டைமாடியில் இரண்டடி மேடையில் டேங்க். அதன் அடிமட்டத்துக்கும் ஷவருக்கும் உயர வித்தியாசம் ஐந்தடிதான். அந்த மாதிரி ஷவருக்கு ஒரு பார் அழுத்தமாவது வேண்டும், அதாவது முப்பத்து மூன்று அடி உயரத் தண்ணீர். எங்களுக்குக் கிடைத்தது அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. பிரஷர் பம்ப் வைக்கலாம் என்றார்கள். பழைய இரும்புக் குழாய்கள் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்ற பயத்தில் வேண்டாம் என்றேன். டேங்கிலிருந்து இறங்கும் குழாயை முக்கால் அங்குலத்திலிருந்து ஒன்றேகால் அங்குலமாக மாற்றி, நாலங்குலச் சின்ன ஷவர் மாட்டினோம். இப்போது பரவாயில்லை. பெரியதைக் கீழே மாட்டினால் மாடியைவிடப் பத்தடி கூடுதல் உயரம் கிடைக்கும் என்றார் தம்பி.

"அதெல்லாம் எதுக்குடி, தலையில கொட்டுன்னா எனக்கு மூச்சு முட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டார். அவருக்குக் கைஷவர் ஒன்று, உட்கார்ந்து குளிக்கப் பலகை, கோப்பைக்குப் பக்கத்தில் பிடித்து எழ ஒரு கம்பி. கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினோம். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ளக்கூட முடியாது.

எங்கள் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு. ஷவர் துளைகளில் மூன்றே மாதத்தில் வெள்ளையாகப் படியும். முகப்பைக் கழற்றி வினிகரில் ராத்திரி ஊறவைத்தால் போய்விடும். ரப்பர் முனை உள்ளதாக வாங்கினால் விரலால் தேய்த்தாலே உதிரும்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு ஒன்று. ட்ராப்பில் நிற்கும் இரண்டங்குலத் தண்ணீர்தான் கீழிருந்து நாற்றமும் கரப்பானும் ஏறாமல் தடுக்கிறது. ஆள் புழங்காவிட்டால் அது வற்றிவிடும். மாடி பாத்ரூம் இத்தனை வருடம் நாறியதற்குக் காரணம் அதுதான், நாங்கள் குழாய் உடைந்திருக்கிறது என்று நினைத்திருந்தோம். கிளம்புகிற அன்று ட்ராப்பில் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி எண்ணெய் விட்டேன். எண்ணெய் மிதந்தால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது.

"நல்லெண்ணெயையா ஊத்துற?" என்று படியில் நின்று அம்மா கேட்டார். விளக்கெண்ணெய் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ரெயின் ஷவர் பெட்டியோடு பரணில் இருக்கிறது.