அணைந்த பின்னும் எரியும் தீ: ஒரு செய்திச் செயலியின் மதிப்புரை

ஆறு மாதங்களாகக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தி வரும் இந்தச் செய்திச் செயலியின் வேகத்திலும் படத் தெளிவிலும் குறையில்லை. போராட்டம் நடக்கும் நாளில்தான் அதன் உண்மையான தரம் தெரிகிறது. அண்மையில் ஒரு பேரணியின்போது, எரியும் ஒரே டயரை மூன்று கோணங்களில் மாறி மாறிக் காட்டினார்கள். மாலையிலேயே அணைந்துவிட்ட அந்தத் தீ, ‘நேரலை’ என்ற சிவப்புப் பட்டையின் கீழ் இரவு வரை எரிந்தது. வந்தவர்களின் கோரிக்கை என்னவென்று அறியக் கடைசிப் பத்தி வரை செல்ல வேண்டியிருந்தது. ‘மோதல் வெடித்தது’ என்னும் தலைப்போ, முதலில் கை ஓங்கியவர் யார் என்பதையே மறைத்துவிடுகிறது (இலக்கணம் இதற்கும் உதவும் போலும்).

இது பழைய நோய்தான். 1968 அக்டோபர் 27 அன்று லண்டனில் வியட்நாம் போருக்கு எதிராக நடந்த, பெரும்பாலும் அமைதியான பேரணியில், வன்முறை வரும் என்று முன்பே எழுதியிருந்த நாளிதழ்கள், குரோவ்னர் சதுக்கத்தில் சிறு பிரிவினர் காவலர்களோடு மோதியதையே முதன்மைப்படுத்தின.

காணொளிகளில் பதிவான நேரத்தைக் குறிப்பிடுமாறு நான் எழுதியதற்கு இரண்டே நாளில் பணிவான பதில் வந்தது. நேரக் குறிப்பு மட்டும் இன்னும் வரவில்லை என்பதால், ஐந்துக்கு இரண்டு புள்ளிகளே தருகிறேன்.