செவனிங்கா, எராஸ்மஸ் முண்டஸா?

செவனிங், 1983 முதல் பிரிட்டன் அரசு தரும் உதவித்தொகை. ஒரு வருட முதுகலை, ஒரே ஊர், போகவர விமான டிக்கெட்டும் தனியாகக் கிடைத்துவிடும். ஆனால் விண்ணப்பிக்கவே 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். அங்கேயே வேலை பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கு இது சரிப்படாது.

எராஸ்மஸ் முண்டஸ், ஐரோப்பிய ஒன்றியம் தரும் முதுகலை உதவித்தொகை. இதில் அப்படி ஊர் திரும்பும் கட்டாயம் இல்லை. இளங்கலை கடைசி வருடத்தில் இருப்பவர்கூட விண்ணப்பிக்கலாம், அதனால் இப்போதுதான் பட்டம் வாங்குபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். கல்விக் கட்டணம் கிடையாது. கையில் மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். பெரிய தொகைதான், ஆனால் விமானம், விசா, வீட்டு முன்பணம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

அப்புறம், குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும். கேட்க ஜாலியாக இருக்கும். நாடு மாறும் ஒவ்வொரு முறையும் மறுபடி வீடு தேடல், மறுபடி குடியிருப்பு அனுமதி, மறுபடி வங்கி வாசல். அம்மா கொடுத்தனுப்பிய குக்கரைத் தூக்கிக்கொண்டு எத்தனை ரயில்தான் ஏறுவது?