முழுக் கையேடா, வேலைக்கு ஒரு பக்கமா?

பெங்களூரில், கடைகளுக்கான பில்லிங் மென்பொருளுக்கு உதவிக் குறிப்புகள் எழுதுவது என் வேலை. எங்களிடம் 212 பக்கத்தில் ஒரு பிடிஎஃப் கையேடு இருந்தது. அதை விட்டு, ஒரு வேலைக்கு ஒரு சிறு பக்கம் என்று மாறிவிட்டோம். மாறத்தான் வேண்டும் என்று வாதாடியவன் நான். அதனால் என் ஓட்டு சிறு பக்கத்துக்குத்தான்.

கையேட்டில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், அச்சடித்து வைத்துக்கொள்ளலாம். சிறு பக்கம் போனில் சட்டென்று திறக்கும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

சிக்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போயிருந்தேன். பில் போடும் அண்ணன் தருமபுரிக்காரர். எங்கள் கையேடு அவருடைய கணினியில் இருந்தது, ஆனால் அவர் பார்ப்பது ஒரு நோட்டை. சரக்கு திரும்பி வந்தால் என்ன செய்வது என்று தன் கையால் நாலு வரி எழுதி வைத்திருந்தார். "தம்பி, ஆள் எதிர்ல நிக்கும்போது நான் எங்க பக்கம் பக்கமா தேடறது?" என்றார்.

1980களில் ஐபிஎம் ஆய்வாளர் ஜான் கரோல் கவனித்ததும் இதைத்தான். கையேட்டை யாரும் வரிசையாகப் படிப்பதில்லை. நேரே வேலையில் இறங்குகிறார்கள், எங்கேயோ தப்பாகிறது, அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். விளக்கத்தைக் குறைத்து, தப்பிலிருந்து மீளும் வழிக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

எங்கள் கையேட்டில் கிரெடிட் நோட்டுக்கு, அதாவது சரக்கு திரும்பி வந்தால் போடும் சீட்டுக்கு, மூன்று பக்கம், அதில் முதல் பக்கம் முழுக்க முன்னுரை. இப்போது இவ்வளவுதான்: "பழைய பில்லைத் திறக்கவும். ரிட்டர்ன் பட்டனை அழுத்தவும். திரும்பி வந்த எண்ணிக்கையைப் போட்டுச் சேமிக்கவும். எண்ணிக்கை தவறிவிட்டால், அன்றைய கணக்கை முடிக்கும் வரை அதே இடத்தில் திருத்தலாம்." கடைசி வரிதான் அந்த அண்ணனுடைய நோட்டில் இல்லாதது, அவர் அடிக்கடி எங்களுக்குப் போன் செய்ததும் அதற்காகத்தான்.

ஆனால் என்னை முழுசாக இந்தப் பக்கம் இழுத்தது பராமரிப்பு. 2025 செப்டம்பர் 3ஆம் தேதி ஜிஎஸ்டி மாற்றம் அறிவித்தார்கள், 22ஆம் தேதி அமலுக்கு வந்தது. 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலான பொருள்களுக்குப் போய்விட்டன. ஆயத்த ஆடைக்கு 5 சதவீத வரி பொருந்தும் விலை வரம்பு 1,000 ரூபாயிலிருந்து 2,500 ஆனது. அந்த நேரத்தில் எங்களுடைய விற்பனைப் பகுதி சிறு பக்கங்களுக்கு மாறியிருந்தது, கொள்முதல் பகுதி இன்னும் பழைய கையேட்டில் இருந்தது. கொள்முதலில் மட்டும் 12 சதவீதம் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டுகள் 41. ஒவ்வொன்றையும் திரும்ப எடுத்து, வெட்டி, அம்புக்குறி போட்டு, கன்னடம், தமிழ், இந்தி மூன்றிலும் மாற்ற வேண்டியிருந்தது. மூன்று பேர் உட்கார்ந்தும் 22ஆம் தேதிக்குள் முடியவில்லை. விற்பனையில் நான் தொட்டது இரண்டே பக்கம். காரணம், வரி எவ்வளவு என்று அங்கே எழுதவே இல்லை, "வரி, பொருளின் பதிவிலிருந்து தானாக வரும்" என்பதோடு விட்டிருந்தோம். திரையே சொல்வதை நாமும் எழுதினால், அந்தத் திரை மாறும்போதெல்லாம் நம் எழுத்து பொய்யாகிவிடும். பழைய விகிதத்தைப் பார்த்து ஒரு கடைக்காரர் பில் போட்டுவிட்டால் நஷ்டம் அவருக்குத்தானே.

சிறு பக்கத்திலும் சிரமம் உண்டு. எதை விடுவது என்று முடிவெடுக்கவே பாதி நேரம் போகிறது. மூன்று பக்கம் எழுத ஒரு நாள் போதும், அந்த நாலு வரிக்கு இரண்டு நாள் ஆனது. அப்புறம், எக்செலிலிருந்து சரக்குப் பட்டியலை ஏற்றும்போது எந்த நெடுவரிசையில் என்ன வர வேண்டும் என்பதைச் சுருக்க முடியாது. அந்த அட்டவணையை முழுசாகவே வைத்திருக்கிறோம். மருத்துவமனை, வங்கி மென்பொருளுக்கு நான் எழுதியதில்லை. தணிக்கைக்கு ஒவ்வொரு திரையும் பதிவில் இருக்க வேண்டிய இடங்களில் முழுக் கையேடு தேவைப்படலாம். கடைக்காரர்களுக்கு எழுதுகிறவர்கள் என்னைக் கேட்டால், கிரெடிட் நோட்டிலிருந்து ஆரம்பியுங்கள் என்பேன்.